பனி எழுதி வைத்த கணக்கு

பங்குனி மாதத்தில் இல்-பிசாரில் தெருவோரப் பனிக்குவியல் உருகத் தொடங்கும்போது அதன் பக்கவாட்டை எமது பிள்ளைகளுக்குக் காட்டலாம். வெள்ளைப் பட்டை, கறுப்புப் பட்டை, இடையிடையே மணலும் உப்பும். மாரிகாலம் முழுவதும் அதில் எழுதப்பட்டிருக்கும். சித்திரை கழிவதற்குள் எல்லாம் வடிகாலில் போய்விடும்.

கிறீன்லாந்து, அந்தாட்டிக்கா ஆகியவற்றின் உட்பகுதிகளில் பெய்த பனியோ உருகாமல் ஆண்டின் மேல் ஆண்டாகப் படிகின்றது. அதை உருளைகளாகத் துளைத்தெடுத்து ஆராய்கிறார்கள். 1815 இல் இந்தோனேசியாவின் தம்போரா எரிமலை கக்கிய கந்தகம் அமிலமாகி இரு துருவப் பனியிலும் ஒரு படையாகக் கிடக்கின்றது. அடுத்த ஆண்டு யூன் மாதத்தில் எமது கியூபெக் நகரில் பனி கொட்டியது! உரோமர் ஈயம் உருக்கிய புகையும் கிறீன்லாந்துப் பனியில் உண்டு. பெற்றோலில் ஈயம் கலந்த காலத்தில் அதன் அளவு ஏறியதும், தடை வந்த பின் இறங்கியதும் அங்கேயே பதிவாகியுள்ளன.

கணக்கெழுதிப் பிழைக்கும் எமக்குப் பிடித்தவை காற்றுக் குமிழ்களே. அமிலமும் ஈயமும் பேரேட்டுப் பதிவுகள் என்றால், குமிழ் மூலப் பற்றுச்சீட்டு. அந்தக் காலத்துக் காற்றே அதனுள் இருக்கின்றது. ஆனால் ஒரு சிக்கல். பனி ஏறக்குறைய 50 முதல் 100 மீற்றர் ஆழத்தில் இறுகும் வரை மேற்காற்று உள்ளே வந்து போகும். ஆகவே காற்று, தன்னைச் சுற்றியுள்ள பனியிலும் வயது குறைந்தது. பனி குறைவாகப் பெய்யும் இடங்களில் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் குறைந்தது. திகதி பொருந்தாத பற்றுச்சீட்டுப் போல. அந்த வித்தியாசத்தைக் கணித்தே காலம் குறிக்கிறார்கள்.

அந்தாட்டிக்காவின் டோம் சீ என்னுமிடத்து உருளை 800,000 ஆண்டுகள் பின்னே செல்கின்றது. அக்காலம் முழுவதிலும் காபனீரொட்சைட்டு பத்து இலட்சம் பங்கில் 300 ஐத் தாண்டவில்லை. தொழிற்புரட்சிக்கு முன் 280. இன்று 420 இற்கும் மேல்.

கனடாவின் வடபகுதி உருளைகள் ஒட்டாவாவிலிருந்து எட்மன்ரனில் உள்ள அல்பேட்டா பல்கலைக்கழகத்துக்கு மாற்றப்பட்டன. 2017 ஏப்பிரலில் அங்கே ஒரு குளிரறை பழுதாகி, வெப்பம் 40 பாகை வரை ஏறியது. சேகரிப்பில் ஏறக்குறைய 13 வீதம் சேதமடைந்தது. பஃபின் தீவிலிருந்து எடுத்த பனியில் ஒரு பகுதியும், லோகன் மலையின் பனியில் ஒரு பகுதியும் அதில் அடங்கும். நீரைத் திரும்ப உறைய வைக்கலாம், காற்றுப் போய்விட்டது. மிகுதி தப்பியது, சில நாட்களுக்கு முன்பு தற்செயலாக வேறொரு குளிரறைக்கு மாற்றி வைத்திருந்தபடியால்.