வளைவில் வால் வீசும் கார்

கேள்வி: வேகமாக வளைவில் போகும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், சில ஸ்போர்ட்ஸ் கார்களின் பின்பக்கம் வெளியே வீசுவது ஏன்?

பதில்: பின்சக்கரத்தின் ‘டோ’ கோணம் மாறுவது இதற்கு ஒரு முக்கியக் காரணம். மேலிருந்து பார்த்தால் சக்கரத்தின் முன்விளிம்பு உள்ளே திரும்பியிருப்பது டோ-இன், வெளியே திரும்பியிருப்பது டோ-அவுட். காலை எடுத்ததும் என்ஜின் பிரேக்கிங் சக்கரத்தைப் பின்னோக்கி இழுக்கும். பழைய செமி-டிரெய்லிங் ஆர்ம் சஸ்பென்ஷன் அமைப்பில், அந்த இழுப்பில் ரப்பர் புஷ்கள் நசுங்கி, சக்கரம் டோ-அவுட்டுக்குப் போய்விடும். வளைவில் எடையின் பெரும்பகுதி சாய்ந்திருக்கும் வெளிப்பக்கச் சக்கரமே இப்படித் திரும்பினால், வண்டியின் வால் வெளியே ஓடத்தானே செய்யும்!

இதைத் தவிர்க்க ரப்பரையே எடுத்துவிட்டால் அதிர்வும் இரைச்சலும் கேபினுக்குள் வந்துவிடும். 1977-இல் வந்த போர்ஷே 928-இன் பொறியாளர்கள் அந்த ரப்பரின் நெகிழ்வையே வேலை வாங்கினார்கள். சஸ்பென்ஷனின் கீழ்க்கையின் (லோயர் ஆர்ம்) முன்முனையை நேரடியாகப் பொருத்தாமல், இடையில் ஒரு குட்டி இணைப்பை வைத்தார்கள். சக்கரம் பின்னுக்கு இழுபடும்போது அந்த இணைப்பு ஊசலாடி, சக்கரத்தை டோ-இன் பக்கம் திருப்பிவிடும். ‘வைசாக் ஆக்சில்’ என்பது இதுதான். கணினியும் சென்சாரும் இல்லாமல், வெறும் வடிவியலால் சாதித்தது. என் கணக்கில் சஸ்பென்ஷன் வரலாற்றின் மிக அழகான தீர்வுகளில் ஒன்று.

உங்கள் காரில் புஷ் மாற்றினாலோ உயரத்தைக் குறைத்தாலோ, பின்சக்கரங்களின் அலைன்மென்ட்டையும் தவறாமல் பாருங்கள்.