பையைப் பிரிக்காதீங்க!

குளுவாங்கில் பொங்கல் முடிந்ததும், "இனிமே வெள்ளம் வராது" என்று நிம்மதியாகிவிடுகிறோம். ஆனால் வடகிழக்குப் பருவமழை மார்ச் வரை நீடிக்கும். 2006 டிசம்பரில் ஜொகூரை மூழ்கடித்த வெள்ளம், 2007 ஜனவரியில் மறுபடியும் வந்தது; வீட்டைக் கழுவி முடித்தவர்கள் திரும்பவும் துயர் துடைப்பு மையத்துக்குப் போனார்கள். 2023-இல் மார்ச் மாதத்திலேயே வெள்ளம்.

அதனால் அவசரப் பையை மார்ச் கடைசி வரை பிரிக்காதீங்க. பிறப்புப் பத்திரம், தாத்தா பாட்டியின் மருந்து, டார்ச்லைட், பவர் பேங்க் எல்லாம் பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கட்டும். எலக்ட்ரிக்கல் படிக்கிறவன் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன்: தண்ணீர் வாசலை நெருங்கும்போதே மெயின் சுவிட்சை அடைத்துவிடுங்கள். உள்ளே புகுந்த பிறகு, ஈரத்தில் நின்றுகொண்டு தொடவே கூடாது.

பக்கத்து வீட்டில் தனியாக இருக்கும் பாட்டியை யார் அழைத்துப் போவது? இன்றைக்கே பேசி வையுங்க. அவசர உதவிக்கு 999.