தந்தையின் கடனும் மகளின் கேள்வியும்



உன் தந்தையார் காலமான செய்தியறிந்து நான் எழுதியதற்கு நீ அனுப்பிய பதிலில், துக்கத்தைப் பற்றிய நான்கு வரிகளுக்குக் கீழே, சற்றுக் கூச்சத்தோடு ஒரு சங்கதியையும் சேர்த்திருந்தாய். பதினாறாம் நாள் காரியத்தன்று பந்தி எழுமுன்பே திண்ணையில் வந்தமர்ந்த கடன் கொடுத்தவர், தகப்பன் பட்ட கடன் பிள்ளையின் தலையில்தான் என்று சொல்லி உன் அண்ணனிடம் புதிய புரோநோட்டு ஒன்றை நீட்டினார் என்றும், கூடியிருந்த பெரியவர்கள் எல்லாரும் அதற்குத் தலையசைத்தார்கள் என்றும் படித்தேன். நோட்டை நீட்டியவர்மீது எனக்குக் கோபமில்லை. பணம் கொடுத்தவர் கேட்கத்தான் செய்வார். அந்தத் தலையசைப்புத்தான் இரண்டு நாளாக என்னை உறுத்துகிறது. அண்ணன் கையெழுத்திட வேண்டாம் என்று இன்றே சொல். இட்டுவிட்டால், தந்தையின் கடனாயிருந்தது அவனுடைய சொந்தக் கடனாக மாறிவிட்டதென்று வாதாட அவருக்கு வழி பிறந்துவிடும்.

இறந்தவருடைய கடன் அவர் விட்டுச்சென்ற சொத்தைப் பின்தொடருமேயன்றி அவருடைய இரத்தத்தைப் பின்தொடராது. 1908ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டம் 52ஆம் பிரிவில் இதைத்தான் சொல்கிறது. கடன் ஐந்து லட்சமாகவும் அவர் விட்டுப்போன நிலம் மூன்று லட்சம் பெறுவதாகவும் இருந்தால், மூன்று லட்சத்தோடு விவகாரம் தீர்ந்தது. எஞ்சிய இரண்டு லட்சத்துக்காக அண்ணனுடைய சம்பளத்தையோ, உன் நகையையோ தொட இயலாது. ஆனால் அந்த நிலத்தை விற்றுப் பணத்தை விழுங்கிவிட்டு ஒன்றும் கிடைக்கவில்லை என்றால் நீதிமன்றம் கேளாது. கணக்குக் காட்ட முடியாத அளவுக்குச் சொந்தப் பொறுப்பு வந்துவிடும். பிள்ளை ஜாமீன் நின்றிருந்தாலோ, கூட்டாகக் கடன் வாங்கியிருந்தாலோ அது வேறு கதை. அங்கே அவன் தன் கையெழுத்துக்குக் கட்டுப்பட்டவன்.

சாஸ்திரம் அப்படித்தான் சொல்கிறது என்று உன் பெரியப்பா சொன்னாராமே, அதை என்னால் எளிதில் விட்டுவிட முடியவில்லை. சாஸ்திரத்தைப் படியாதவர்களே அதை அதிகமாக மேற்கோள் காட்டுகிறார்கள்! கடனோடு இறந்தவனுக்கு மறுமையில் கதியில்லை என்ற நம்பிக்கையினால், பிதாவின் கடனைத் தீர்ப்பது புத்திரனுடைய தர்மம் என்று ஸ்மிருதிகள் விதித்தது உண்மை. ஸ்மிருதிகாரரான பிருஹஸ்பதியோ அதற்கும் படி வகுத்தார்: மகன் வட்டியோடு கொடுக்க வேண்டும், பேரன் முதலை மட்டும், கொள்ளுப்பேரன் கொடுக்கவே வேண்டாம். யாக்ஞவல்கியர் இன்னும் ஒருபடி மேலே போய், குடிக்கும் காமத்துக்கும் சூதுக்கும் வாங்கியவை, செலுத்தாமல் விட்ட அபராதம், சுங்கத்தில் நின்ற பாக்கி, வீண் தானமாக வாக்களித்தவை ஆகியவற்றை மகன் தீர்க்க வேண்டியதில்லை என்று விலக்கிவிட்டார். குடிக்கும் சூதுக்கும் நடுவே ஒரு சுங்கப் பாக்கியைக் கொண்டுவந்து உட்கார்த்திய அம்மகானை நினைத்தால் எனக்கு இன்றும் சிரிப்பு வருகிறது.

சென்னையில் பாரிஸ்டராயிருந்த ஜான் மெயின் 1878இல் வெளியிட்ட இந்து சட்ட நூலை இளமையில் பரீட்சைக்காக வேண்டாவெறுப்பாகத் தொடங்கி, பிறகு நாவலைப் போல் இரவெல்லாம் படித்தவன் நான். மகன் தீர்க்க வேண்டாத கடனைக் குறிக்கும் ‘அவ்யாவகாரிகம்’ என்ற ஒரு சொல்லுக்குப் பொருள் காண நீதிபதிகள் பட்ட பாடு கொஞ்சமா? நல்லொழுக்கத்துக்கு மாறானது என்று ஆங்கிலேய அறிஞர் கோல்புரூக் அதை மொழிபெயர்த்துவிட்டுப் போனார். நீதிமன்றங்கள் ஒரு நூற்றாண்டுக்கு மேல் அதைப் பிடித்து இழுத்தன. பம்பாய் மாகாணத்தில் பிதுரார்ஜிதம் ஒரு காசும் பெறாத மகனையும் பொறுப்பாக்கி வந்ததால், அதைத் தடுக்க 1866இல் தனிச் சட்டமே இயற்ற நேர்ந்தது. இதில் விபரீதம் எது தெரியுமா? கடன் அதர்மமானது என்று நிரூபிக்கும் பாரம் மகன்மீது இருந்தமையால், சொத்தைக் காக்க விரும்பிய பிள்ளை கூண்டிலேறித் தன் தகப்பன் குடிகாரன், கூத்தி வைத்திருந்தவன் என்று சத்தியம் செய்து சொல்லவேண்டியதாயிற்று. தகப்பனுடைய ஆத்மாவைக் கரையேற்றப் பிறந்த விதி, அவன் பெயரைச் சந்தியில் இழுக்கும் கருவியாயிற்று. பெரியப்பா இதை ஒருமுறை யோசித்துப் பார்க்கட்டும்.

இந்தப் புத்திர தர்மத்தை மட்டும் காரணமாகக் காட்டி மகன், பேரன், கொள்ளுப்பேரன்மீது கடன் வசூலிக்கும் உரிமையை, இந்து வாரிசுரிமைத் திருத்தச் சட்டம் 2005 செப்டம்பர் 9 முதல் நீக்கிவிட்டது. அதற்கு முன் வாங்கிய கடன்களுக்குப் பழைய விதியே நிற்கும்.

இனி உன் கேள்வி. பங்கு உண்டென்றால் கடனும் உண்டா என்று கேட்டாய். உண்டு, அம்மா. அதே திருத்தம் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளை மகனுக்குச் சமமாக்கியபோது, அச்சொத்தைப் பற்றிய பொறுப்புகளிலும் அவளைச் சமமாக்கியது. நீ மணமாகிப் போனவள் என்பது இரண்டுக்கும் தடையன்று. உன் கைக்கு வரும் பங்கின் அளவுக்கு நீயும் பதில் சொல்ல வேண்டியவள். அதற்கு மேல் ஒரு ரூபாயும் இல்லை. பங்கு வேண்டும்போது மகளாகவும் கடன் வரும்போது அயல்வீட்டுக்காரியாகவும் இருக்க நீ நினைக்கமாட்டாய் என்று அறிவேன்.

தந்தையார் எழுதிக்கொடுத்த அந்தப் பழைய நோட்டை நீங்கள் யாராவது கண்ணால் பார்த்தீர்களா? அதன் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் படியெடுத்து அனுப்பு. கேட்டவுடன் தருவதாக எழுதிய நோட்டானால், அதன் தேதியிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடுத்திருக்க வேண்டும். இடையில் தந்தையார் ஏதேனும் தொகை கொடுத்துப் பின்பக்கத்தில் வரவு எழுதிக் கையெழுத்திட்டிருந்தால் கெடு அந்தத் தேதியிலிருந்து புதிதாகத் தொடங்கும். முதலில் பின்பக்கத்தைப் பார்.