ஏ.சி.க்கும் குளியல் வேண்டும்

வாளையாறு, வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறை, மீனாட்சிபுரம். இவை பாலக்காடு மாவட்டத்தின் எல்லை ஊர்கள். மலையாளமும் தமிழும் சேர்ந்து பேசும் ஊர்கள்.

இங்கே மேற்கு மலைத்தொடர் ஓர் இடத்தில் விட்டுப் போயிருக்கிறது. அந்த இடைவெளியின் பெயர் பாலக்காட்டுக் கணவாய். அகலம் சுமார் 30 கிலோமீட்டர். அந்த வழியாகக் கிழக்குக் காற்று வீசுகிறது. கோடையில் அது சுடுகாற்று. கூடவே புழுதியும் வரும்.

2024 ஏப்ரலில் பாலக்காட்டில் வெப்பம் 41 டிகிரியைத் தாண்டியது. வானிலைத் துறை வெப்ப அலை எச்சரிக்கை விடுத்தது.

முன்பு பெரிய ஆஸ்பத்திரியிலும் பேங்கிலும்தான் ஏ.சி. இருந்தது. இன்று ஓட்டு வீட்டிலும் ஏ.சி. மாட்டுகிறார்கள். சிலர் தவணையில் வாங்குகிறார்கள். வீட்டில் முதியவர் இருப்பார். கைக்குழந்தை இருக்கும். அவர்களுக்கு அது ஆடம்பரம் அல்ல, தேவை.

இடுக்கி மாவட்டம் வேறு மாதிரி. மூணாறு, தேவிகுளம், பீர்மேடு மலை ஊர்கள். அங்கே ஏ.சி. வேண்டியதில்லை. ஆனால் பாலக்காட்டின் ஏ.சி.க்கும் இடுக்கியின் தண்ணீருக்கும் ஓர் உறவு உண்டு. அது என்ன? பிறகு பார்ப்போம்.

ஏ.சி. எப்படி வேலை செய்கிறது?

மண்பானைத் தண்ணீர் ஏன் குளிர்ச்சியாக இருக்கிறது? பானையின் சுவர் வழியே கொஞ்சம் நீர் கசியும். அது ஆவியாகப் போகும். போகும்போது பானையின் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகும். அதனால் உள்ளே இருக்கும் தண்ணீர் குளிரும்.

ஏ.சி.யும் இதே வேலையைத்தான் செய்கிறது. ஏ.சி. குளிரை உண்டாக்குவதில்லை. அறையின் சூட்டை எடுத்து வெளியே கொட்டுகிறது.

ஸ்பிளிட் ஏ.சி.க்கு இரண்டு பெட்டிகள். ஒன்று அறைக்குள் சுவரில் இருக்கும். மற்றொன்று வெளியே இருக்கும். இரண்டையும் செம்புக் குழாய்கள் இணைக்கும். குழாய்க்குள் ஒரு கேஸ் சுற்றி வரும்.

உள் பெட்டியில் அது திரவமாக வந்து ஆவியாகும். அப்போது அறையின் சூட்டை வாங்கிக்கொள்ளும். வெளிப் பெட்டியில் கம்ப்ரஸர் இருக்கிறது. அது கேஸை அழுத்தும். அங்கே ஒரு விசிறி காற்றடித்துச் சூட்டை வெளியேற்றும். கேஸ் மறுபடி திரவமாகும். மறுபடி உள்ளே போகும்.

இந்த வேலைக்குக் காற்று தடையில்லாமல் போய் வர வேண்டும். உள்ளேயும் போய் வர வேண்டும். வெளியேயும் போய் வர வேண்டும். புழுதி அடைத்தால் காற்று போகாது. காற்று போகாவிட்டால் சூடும் போகாது. ஏ.சி. மூச்சு முட்டி ஓடும். மின்சாரம் மட்டும் செலவாகும்.

ஒரு வீட்டில் நடந்த கதை

கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு வீடு. வீட்டுப் பெரியவருக்கு நெஞ்சு நோய். வெயில் ஆகாது. திருப்பூரில் வேலை செய்யும் மகன் ஏ.சி. வாங்கி மாட்டினான். முதல் கோடை நன்றாகப் போயிற்று. இரண்டாம் கோடையில் அறை குளிரவில்லை. பெரியவர் இரவெல்லாம் தூங்கவில்லை.

மருமகள் ஒரு மெக்கானிக்கை அழைத்தாள். அவர் வந்தார். ஏ.சி.யைத் திறந்து பார்க்கவில்லை. கையை நீட்டிக் காற்றைத் தொட்டுப் பார்த்தார்.

"கேஸ் தீர்ந்து போச்சுங்க அக்கா. மூவாயிரம் ரூபா ஆகும்."

மாமியார் பதறினார். "மூவாயிரமா? பால் காசு மொத்தமும் போயிருமே சாமி!"

மருமகள் யோசித்தாள்.

"தம்பி, ஒண்ணு கேக்கறனுங்க. சமையல் கேஸ் அடுப்பில எரியுது. அதனால தீருது. இந்தக் கேஸ் எங்க எரியுது?"

மெக்கானிக் தயங்கினார். "இது எரியறதில்லீங்க."

"அப்புறம் எப்படித் தீரும்?"

"குழாயில எங்கயாவது ஓட்டை இருந்தா வெளிய போயிருமுங்க."

"அப்ப ஓட்டை எங்கன்னு முதல்ல பாருங்க. அப்புறம் கேஸைப் பத்திப் பேசலாமுங்க."

மெக்கானிக் ஏ.சி.யை நிறுத்தினார். மெயின் சுவிட்சையும் நிறுத்தினார். உள் பெட்டியின் முன் மூடியைத் தூக்கினார். ஃபில்டரை வெளியே எடுத்தார். கம்பளி போலப் புழுதி அப்பியிருந்தது. ஒரு வருஷமாக யாரும் அதைக் கழுவவில்லை.

ஃபில்டரைக் கழுவி உலர்த்தினார். வெளிப் பெட்டியையும் கழுவினார். பிறகு கேஸின் அழுத்தத்தை அளந்து பார்த்தார். சரியாகவே இருந்தது. ஏ.சி.யை ஓட்டினார். அறை குளிர்ந்தது.

அவருக்குச் சர்வீஸ் கூலி மட்டும் கொடுத்தார்கள். மருமகள் ரசீது கேட்டு வாங்கினாள். சுவரில் இருந்த காலண்டரில் தேதியைக் குறித்தாள். "ஏ.சி. கழுவிய நாள்" என்று பக்கத்தில் எழுதினாள்.

நாமே செய்யக்கூடிய வேலைகள்

1. ஃபில்டரைக் கழுவுதல். மாதம் இரண்டு முறை கழுவுங்கள். அமாவாசைக்கு ஒரு முறை, பௌர்ணமிக்கு ஒரு முறை என்று வைத்துக்கொண்டால் மறக்காது.

கழுவும் முறை இதுதான்:

முதலில் ஏ.சி.யை நிறுத்துங்கள். மெயின் சுவிட்சையும் நிறுத்துங்கள். உறுதியான ஸ்டூல் மீது ஏறுங்கள். ஒருவர் ஸ்டூலைப் பிடித்துக்கொள்ளட்டும். முன் மூடியை இரு கையாலும் மெதுவாகத் தூக்குங்கள். ஃபில்டரை உருவி எடுங்கள்.

புழுதியைத் தட்டுங்கள். பிறகு பச்சைத் தண்ணீரில் அலசுங்கள். அழுக்கு கூடுதலாக இருந்தால் கொஞ்சம் சோப்புத் தண்ணீர் போதும். கொதிநீர் ஊற்றக் கூடாது. கம்பி பிரஷ்ஷால் தேய்க்கக் கூடாது. நிழலில் உலர்த்துங்கள். வெயிலில் வைத்தால் ஃபில்டர் வளைந்து போகும். நன்றாக உலர்ந்த பிறகு மாட்டுங்கள். ஃபில்டர் இல்லாமல் ஏ.சி.யை ஓட்டாதீர்கள்.

2. வெளிப் பெட்டியைச் சுற்றிச் சுத்தம். அதன் முன்னும் பின்னும் சாமான்களை அடுக்காதீர்கள். துணி காயப் போடாதீர்கள். கொடி படர விடாதீர்கள். அங்கே சூடு வெளியேற இடம் வேண்டும்.

3. தண்ணீர்க் குழாயைப் பார்த்தல். குளிர்ந்த தம்ளரின் மேல் நீர் முத்து முத்தாக நிற்கும். ஏ.சி.க்குள்ளும் அப்படித்தான். காற்றின் ஈரம் நீராகிறது. அது ஒரு குழாய் வழியே வெளியே சொட்டும். அது நல்ல அறிகுறி. வெளியே சொட்டாமல் அறைக்குள் சொட்டினால் குழாய் அடைத்திருக்கலாம். பாசி, புழுதி, பூச்சி அடைக்கும். வெளியே வரும் தண்ணீரை வாளியில் பிடிக்கலாம். தரை துடைக்கலாம். குடிக்கக் கூடாது.

4. ரிமோட்டில் 24. பலர் 18 டிகிரி வைக்கிறார்கள். அறை சீக்கிரம் குளிரும் என்று நினைக்கிறார்கள். பெரிய வித்தியாசம் இல்லை. ஏ.சி. நீண்ட நேரம் ஓடும், அவ்வளவுதான். 24 டிகிரியில் வையுங்கள். கூடவே மின்விசிறியை மெதுவாக ஓட விடுங்கள். ஒரு டிகிரி கூட்டி வைத்தால் சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சம் என்று மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பு சொல்கிறது. 2020 ஜனவரி முதல், நட்சத்திர முத்திரை உள்ள புதிய ஏ.சி.களை 24 டிகிரியில் தொடங்கும்படி அமைத்தே விற்க வேண்டும் என்பது விதி.

மெக்கானிக் செய்ய வேண்டிய வேலைகள்

வருஷம் இரண்டு முறை சர்வீஸ் செய்யுங்கள். மாசி மாதத்தில், கோடைக்கு முன் ஒரு முறை. மழைக்காலம் முடிந்த பின் ஒரு முறை. சர்வீஸின்போது பக்கத்தில் நின்று பாருங்கள். இவற்றைச் செய்கிறாரா என்று கவனியுங்கள்:

• உள் பெட்டியின் காயிலைக் கழுவுதல்.
• வெளிப் பெட்டியின் காயிலைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுதல். மின்பகுதியில் தண்ணீர் படாமல் மூட வேண்டும்.
• தண்ணீர்க் குழாயின் அடைப்பை நீக்குதல்.
• வயர் இணைப்புகளை இறுக்குதல்.
• கேஸின் அழுத்தத்தை அளந்து பார்த்தல்.

கேஸ் குறைந்திருந்தால் ஓட்டை இருக்கிறது என்று பொருள். முதலில் ஓட்டையை அடைக்க வேண்டும். பிறகே கேஸ் நிரப்ப வேண்டும். ஓட்டையை அடைக்காமல் வருஷா வருஷம் கேஸ் நிரப்புவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவது போல.

ஆபத்து! கவனம்!

வெளிப் பெட்டியை நாமே திறக்கக் கூடாது. உள்ளே கெபாசிட்டர் என்ற பாகம் இருக்கிறது. சுவிட்சை நிறுத்திய பிறகும் அதில் மின்சாரம் தங்கியிருக்கும். தொட்டால் அடிக்கும்.

ஏ.சி.க்குத் தனி லைன் வேண்டும். எர்த் கட்டாயம் வேண்டும். எக்ஸ்டென்ஷன் பெட்டியில் ஏ.சி.யைச் செருகக் கூடாது. பிளக் சூடானாலும் கருகல் வாசனை வந்தாலும் உடனே நிறுத்துங்கள். வயர்மேனை அழையுங்கள்.

ஆர்-32, ஆர்-290 என்று சில கேஸ்கள் உண்டு. பெயர் பெட்டியின் மேல் எழுதியிருக்கும். வாசித்துப் பாருங்கள். இவை தீப்பிடிக்கக் கூடியவை. ஆர்-290 சீக்கிரம் பிடிக்கும். கேஸ் வேலை நடக்கும்போது பீடி, தீக்குச்சி, விளக்கு எதுவும் பக்கத்தில் கூடாது.

மாடிச் சுவரில் மாட்டிய பெட்டியைக் கழுவ வருபவர் இடுப்பில் பெல்ட் கட்டியிருக்க வேண்டும். "சும்மா ஐந்து நிமிஷ வேலைதானே" என்று ஏற விடாதீர்கள். அவருக்கும் ஒரு வீடு உண்டு.

ஸ்பிளிட் ஏ.சி. வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை. அறையின் காற்றையே திரும்பத் திரும்பக் குளிர வைக்கிறது. காலையில் கொஞ்ச நேரம் ஜன்னலைத் திறந்து வையுங்கள். மூடிய அறையில் கொசுவர்த்தி கொளுத்தாதீர்கள். மலை ஊர்க்காரர்களுக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. குளிருக்காகக் கரி நெருப்பை மூடிய அறைக்குள் வைத்துத் தூங்கக் கூடாது. அந்தப் புகையில்லாத நச்சுக் காற்று உயிரை எடுக்கும்.

இடுக்கியின் தண்ணீர்

குறவன் மலை, குறத்தி மலை. இரண்டுக்கும் நடுவே பெரியாறு. அங்கே வில் போல வளைந்து நிற்கிறது இடுக்கி அணை. அணைத் தண்ணீர் மலைக்குள் குடைந்த வழியே ஏறத்தாழ 660 மீட்டர் கீழே பாய்கிறது. மூலமற்றம் மின் நிலையத்தின் சக்கரங்களைச் சுற்றுகிறது. 1976-ல் அங்கே மின் உற்பத்தி தொடங்கியது. நிலையத்தின் திறன் 780 மெகாவாட்.

அங்கே ஒரு யூனிட் மின்சாரம் உண்டாக்க எவ்வளவு தண்ணீர் வேண்டும்? ஏறத்தாழ 650 முதல் 700 லிட்டர்!

2024 கோடையில் கேரளத்தின் ஒரு நாள் மின்செலவு 11 கோடி யூனிட்டைத் தாண்டியது. அணைகளின் மின்சாரம் போதவில்லை. பெரும்பகுதியை வெளியிலிருந்து விலைக்கு வாங்க வேண்டியிருக்கிறது.

ஒரு வீட்டில் அழுக்கு ஏ.சி. ஓடினால் அந்த வீட்டின் பணம் போகிறது. மலையின் தண்ணீரும் போகிறது. அடுத்த கோடைக்கு அந்தத் தண்ணீர் வேண்டாமா?

ஒரு தொழில்

ஏ.சி. பெருகுகிறது. அதைப் பழுது பார்க்க ஆள் வேண்டும். ஐ.டி.ஐ.களில் குளிர்சாதன மெக்கானிக் பயிற்சி உண்டு. காலம் 2 ஆண்டு. எல்லைக் கிராமத்துப் பிள்ளைகளும் தோட்டத்துப் பிள்ளைகளும் சேரலாம். பெண்பிள்ளைகளும் சேரலாம்.

கணக்குப் போடுவோம்

சுத்தமான ஏ.சி. ஓர் இரவுக்கு 8 யூனிட் எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அழுக்கான ஏ.சி. 10 யூனிட் எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

1. ஓர் இரவில் வீணாவது எத்தனை யூனிட்?
2. கரண்ட் பில் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை வருகிறது. 60 நாளில் வீணாவது எத்தனை யூனிட்?
3. ஒரு யூனிட் 8 ரூபாய் என்றால் வீணாகும் பணம் எவ்வளவு?
4. ஒரு யூனிட்டுக்கு 650 லிட்டர் என்றால் 60 நாளில் வீணாகும் தண்ணீர் எவ்வளவு?

(விடை: 2 யூனிட், 120 யூனிட், 960 ரூபாய், 78,000 லிட்டர்)

கோடிட்ட இடத்தை நிரப்புங்கள்

1. ஏ.சி. அறையின் ________ வெளியே கொட்டுகிறது.
2. ஃபில்டரை ________ உலர்த்த வேண்டும்.
3. கேஸ் குறைந்தால் முதலில் ________ அடைக்க வேண்டும்.
4. ரிமோட்டில் ________ டிகிரி வைப்பது நல்லது.

சேர்ந்து பேசுவோம்

• மருமகள் கேட்ட கேள்வி என்ன? அவள் கேட்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?
• உங்கள் ஊரில் ஏ.சி. இல்லாத வீடுகளில் முதியவர்கள் கோடையை எப்படிக் கழிக்கிறார்கள்? அவர்களுக்கு ஊரார் என்ன செய்யலாம்?

எழுதிப் பழகுவோம்

உங்கள் வீட்டிலோ வேலை செய்யும் இடத்திலோ ஏ.சி. இருந்தால், இன்றே ஃபில்டரைக் கழுவுங்கள். காலண்டரில் தேதியை எழுதுங்கள். அடுத்துக் கழுவ வேண்டிய தேதியையும் எழுதுங்கள். ஏ.சி. இல்லாவிட்டால், மின்விசிறியின் இறக்கையைத் துடைத்த தேதியை எழுதுங்கள். புழுதி எல்லா இயந்திரத்துக்கும் பகைதான்.