அடி, சென்ட், மில்லிலிட்டர்: மருந்தின் அளவை அறிதல்

கம்பம் பள்ளத்தாக்கில் அளவைப் பற்றிப் பேசாத நாளில்லை. முல்லைப் பெரியாறு அணையில் 142 அடி வரை நீரைத் தேக்கலாம் என 2014ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பைப் பண்ணைப்புரத்திலும் தேவாரத்திலும் அறியாத உழவர் அரியர். நிலத்தைச் சென்ட்டில் சொல்கிறோம். பூச்சிமருந்தை ஒரு லிட்டர் நீருக்கு இத்தனை மில்லி எனக் கலக்கிறோம். அடி நீளத்தின் அலகு, சென்ட் பரப்பளவின் அலகு, மில்லிலிட்டர் கொள்ளளவின் அலகு. மருத்துவமனையில் தரப்படும் தாள்களிலும் இம்மூன்று வகை அளவுகளே இடம்பெறுகின்றன.

நீளம் எளிது. சிறுநீரகக் கல் சென்ற மாத அறிக்கையில் 8 மி.மீ. என்றும், இம்மாத அறிக்கையில் 0.8 செ.மீ. என்றும் இருந்தால் கல் கரையவில்லை, அளவு மாறவேயில்லை. 10 மில்லிமீட்டர் சேர்ந்தது 1 சென்டிமீட்டர்.

பரப்பளவில் சற்று நின்று எண்ண வேண்டும். நீரிழிவு நோயாளி ஒருவரின் காற்புண் 4 செ.மீ. நீளமும் 3 செ.மீ. அகலமும் உடையதாக இருந்தது எனக் கொள்வோம். நீளத்தை அகலத்தால் பெருக்க, 12 சதுர செ.மீ. சில வாரங்களில் அது 2 செ.மீ. நீளம், 1.5 செ.மீ. அகலம் எனச் சுருங்கினால் பரப்பு 3 சதுர செ.மீ. மட்டுமே. பாதிதான் ஆறியிருக்கிறது என்று வீட்டார் சோர்வடைவதுண்டு. உண்மையில் நான்கில் மூன்று பங்கு ஆறிவிட்டது.

மிகுந்த கவனம் வேண்டுவது கொள்ளளவில்தான். வைகை அணையில் 60 அடி நீரும் பெரியாறு அணையில் 60 அடி நீரும் ஒரே அளவு நீரல்ல என்பது நாம் அறிந்ததே. அடி என்பது உயரத்தை மட்டுமே காட்டும்; எவ்வளவு நீர் என்பது அணையைப் பொறுத்தது. இன்சுலின் ஊசிக்குழலில் உள்ள கோடும் அத்தகையதே.

இன்சுலினை அளக்கும் ‘யூனிட்’ கொள்ளளவின் அலகு அன்று. மருந்தின் ஆற்றலைக் குறிப்பது. நம் நாட்டில் குப்பிகளில் வரும் இன்சுலின் பெரும்பாலும் 1 மி.லி.யில் 40 யூனிட் கொண்டது. பேனாவில் பொருத்தும் இன்சுலின் பொதுவாக 1 மி.லி.யில் 100 யூனிட் கொண்டது. ஊசிக்குழல்களும் அவ்வாறே இருவகை: 40க்கு உரியது சிவப்பு மூடி, 100க்கு உரியது ஆரஞ்சு மூடி. பேனா பழுதாகிவிட்டதென்று அதிலுள்ள மருந்தைச் சிவப்பு மூடி ஊசியில் 20ஆம் கோடு வரை இழுத்தால், உள்ளே வருவது அரை மில்லிலிட்டர், அதாவது 50 யூனிட். சர்க்கரை திடீரெனத் தாழ்ந்து நினைவிழக்கவும் உயிருக்கே ஆபத்து நேரவும் கூடும். மாறாக, 40 யூனிட் குப்பியிலிருந்து ஆரஞ்சு மூடி ஊசியில் 20ஆம் கோடு வரை எடுத்தால் உடலில் சேர்வது 8 யூனிட்டே, சர்க்கரை குறையாது. குப்பியில் அச்சிட்டுள்ள எண்ணும் ஊசியில் அச்சிட்டுள்ள எண்ணும் ஒன்றாக இருக்கின்றனவா என்று ஒவ்வொரு முறையும் பார்த்த பின்னரே மருந்தை எடுக்க வேண்டும். பேனா பழுதானால் மருத்துவமனையைத் தொடர்பு கொள்க. அதன் மருந்தை ஊசியால் உறிஞ்ச வேண்டா.

குழந்தைகளுக்கான பாரசிட்டமாலிலும் இதே சிக்கல் உண்டு. சிரப் வகையில் 5 மி.லி.க்கு 125 மி.கி. மருந்து இருக்கலாம், மற்றொன்றில் 250 மி.கி. இருக்கலாம். கைக்குழந்தைகளுக்கான சொட்டு மருந்திலோ 1 மி.லி.யிலேயே 100 மி.கி. இருப்பதுண்டு. சிரப்பிற்குச் சொன்ன 5 மி.லி.யைச் சொட்டு மருந்தில் கொடுத்தால் குழந்தைக்கு 500 மி.கி. சென்றுவிடும். சென்ற முறை கொடுத்த அளவு நினைவில் இருந்தாலும், இம்முறை வாங்கிய புட்டியின் எழுத்தைப் படித்தே கொடுக்க வேண்டும்.

வீட்டுக் கரண்டிகள் ஒன்றுபோல் இருப்பதில்லை. மருந்துடன் வரும் அளவு மூடியைச் சமதளத்தில் வைத்து, கண்ணைக் கோட்டின் உயரத்திற்குத் தாழ்த்திப் பாருங்கள். பூச்சிமருந்து அளந்த மூடியை, எத்தனை முறை கழுவியிருந்தாலும், இதற்குப் பயன்படுத்தலாகாது.

நாளொன்றுக்கு 1 லிட்டர் நீர் மட்டுமே அருந்துமாறு அறிவுறுத்தப்பட்ட சிறுநீரக, இதய நோயாளிகள், வீட்டில் புழங்கும் டம்ளரை ஒருமுறை மருந்து மூடியால் அளந்துகொள்வது நலம். அது 200 மி.லி. கொண்டதாயின் ஒரு நாளைக்கு ஐந்து டம்ளர். காப்பி, மோர், ரசம், கஞ்சித் தண்ணீர் யாவும் அந்த ஐந்தினுள் அடங்கும்.