பார்த்திபன் கனவு: கதையும் வரலாறும்

அமரர் கல்கியின் ‘பார்த்திபன் கனவு’ புதினத்தில், பல்லவருக்குக் கப்பம் கட்ட மறுத்துப் போர்க்களத்தில் மடிகிறான் சோழ மன்னன் பார்த்திபன். அவன் மகன் விக்கிரமன் செண்பகத் தீவுக்கு நாடு கடத்தப்படுகிறான். (அத்தீவை நம் ஜொகூர்க் கடலில் தேட வேண்டா, அது கற்பனை.) கல்கி இதனை எழுதிய 1940களில் இந்தியாவே அடிமைப்பட்டுக் கிடந்தது, அவரும் விடுதலைப் போரில் சிறை சென்றவர்.

642இல் வாதாபியை வென்ற பல்லவன் நரசிம்மவர்மன் மெய். பார்த்திபனும் விக்கிரமனும் கற்பனை. சோழர் அக்காலத்தில் சிற்றரசராய் ஒடுங்கியிருந்ததும் மெய்யே. கதையில் பல்லவனே மனமுவந்து விடுதலை அளிக்கிறான். வரலாற்றில் அவ்வாறு நிகழவில்லை. சுமார் 850இல் விசயாலயன் முத்தரையரிடமிருந்து தஞ்சையைக் கைப்பற்றினான். அவன் மகன் ஆதித்தன், பல்லவன் அபராசிதனைப் போரில் வீழ்த்திய பின்னரே சோழநாடு தனியரசாயிற்று. நரசிம்மவர்மன் காலத்திற்குப் பின் 200 ஆண்டுகளுக்கு மேல் கடந்திருந்தன.