கீரிமலை சொல்லும் வியாபாரப் பாடம்



கீரிமலைக் கேணியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். சுவருக்கு அப்பால் உப்புக்கடல், இப்பால் நன்னீர். மழைநீர் சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கி, மெல்ல ஊர்ந்து, கரையில் ஊற்றாக வருகிறது. அல்லாஹ்வின் ஏற்பாடு அது. கடலுக்குப் பக்கத்தில் இருந்தும் அது கடலாகிவிடவில்லை.

நாமோ பக்கத்துக் கடைக்காரர் விற்பதையே விற்கிறோம். பெயர்ப்பலகையின் நிறம்கூட அவருடையதுதான். பிறகு மிஞ்சுவது விலைக்குறைப்புப் போட்டி, இருவருக்கும் நட்டம்.

அதே யாழ்ப்பாணத்தில் சவர்க்காரம் செய்த ‘மில்க்வைற்’ கனகராசாவைப் பாருங்கள். சவர்க்காரம் பலரும் செய்தார்கள். அவரோ பனை விதை நடும்படி மக்களைத் தூண்டினார். 1970களில் ‘மில்க்வைற் செய்தி’ என்ற இதழையும் வெளியிட்டார். தன் மண்மீது இருந்த அக்கறையைத் தொழிலோடு சேர்த்தார். அதனால்தான் அந்தப் பெயர் தனித்து நிற்கிறது. அவருடைய பனை விதையை நாம் கொப்பியடிக்க வேண்டியதில்லை. நமக்குள்ள அக்கறை எது என்று தேடினால் போதும்.

இந்த வாரம் ஒரு கொப்பியில் எழுதுங்கள்:

1. எனக்கு நன்றாகத் தெரிந்த, மற்றவர் கவனிக்காத வேலை எது?
2. வாடிக்கையாளர் பலமுறை கேட்டும் நான் கொடுக்காதது எது?

ஒரு விடை கிடைத்தாலும் சிறிய அளவில் தொடங்குங்கள். உடனே இலாபம் வராவிட்டால் கைவிடாதீர்கள். ஊற்றும் ஒரே நாளில் ஊறியதல்ல. முயற்சி நம்முடையது, பரக்கத் அல்லாஹ்விடமிருந்து வரும், இன்ஷா அல்லாஹ்.